ஆரி வேலைக்கு எந்த இன்ஸ்டா கணக்கு: பர்சனலா, கிரியேட்டரா, பிசினஸா?

இரண்டு நாளைக்கு முன் ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்வி இது: "அக்கா, வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்கிறேன். இன்ஸ்டாவில் என் சொந்த அக்கவுன்ட் பிரைவேட்டாக இருக்கிறது. 640 ஃபாலோயர்ஸ், எல்லாம் சொந்தக்காரர்களும் காலேஜ் தோழிகளும். அதையே பிசினஸ் அக்கவுன்டாக மாற்றலாமா, புதிதாகத் தொடங்க வேண்டுமா? கிரியேட்டர் நல்லதா, பிசினஸ் நல்லதா? பேஸ்புக் பேஜும் வேண்டுமா? வாட்ஸ்அப் பிசினஸுக்கு வீட்டுக்காரர் நம்பரைக் கொடுக்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. பழைய கணக்கைத் தொடாதீர்கள், அது பிரைவேட்டாகவே இருக்கட்டும். வேலைக்கென்று புதிதாக ஒன்று தொடங்கி அதைக் கிரியேட்டர் வகையில் வையுங்கள். ஆர்டர் பேச வாட்ஸ்அப் பிசினஸ். பேஸ்புக் பேஜை மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுத் தொழில் செய்யும் பெண்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் இந்தக் கணக்குகளை அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை என்பதால், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அந்த 640 பேரை விட்டுவர மனசு வராது, தெரியும். பூஜ்யத்திலிருந்து தொடங்குவது யாருக்குமே பிடிக்காது. ஆனால் இன்ஸ்டாகிராமில் கிரியேட்டர், பிசினஸ் இரண்டுக்கும் சேர்த்து ப்ரொஃபஷனல் கணக்கு என்று பெயர். ப்ரொஃபஷனல் கணக்கைப் பிரைவேட்டாக வைக்கவே முடியாது. மாற்றிய நிமிடமே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். இத்தனை வருஷம் சொந்தக்காரர்கள் மட்டும் பார்ப்பார்கள் என்று நம்பிப் போட்ட படங்கள் அத்தனையும் ஊருக்கே திறந்துவிடும். நீங்கள் ஏற்காமல் நிறுத்தி வைத்திருக்கும் ஃபாலோ ரிக்வெஸ்ட்களும் தானாகவே ஏற்கப்பட்டுவிடும். யார் யாரை வேண்டாமென்று ஒதுக்கி வைத்தீர்களோ, அவர்கள் எல்லோரும் உள்ளே இருப்பார்கள்.

இது ஏட்டுப் பேச்சில்லை. பொடி வகைகள் விற்கும் ஒருவர் தன் பழைய கணக்கையே மாற்றிவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பதறிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் தெரியாத ஒருவர், மகளின் முதல் நாள் பள்ளிப் படத்துக்குக் கீழே பள்ளியின் பெயரை எழுதி "இங்கேதான் படிக்கிறாளா?" என்று கேட்டிருந்தார். படத்தில் சீருடையில் இருந்த பேட்ஜைப் பெரிதாக்கிப் படித்திருக்கிறார். அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நான்கு வருஷப் படங்களை ஒவ்வொன்றாக ஆர்க்கைவ் செய்தோம், அதாவது அழிக்காமல் மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்கி வைத்தோம். புதுக் கணக்கு தொடங்க ஆகும் நேரம் பத்து நிமிடம்.

அதற்கு ஒரு தனி இமெயில் முகவரி உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே இன்ஸ்டாகிராம் ஆப்பில் 5 கணக்குகள் வரை வைத்துக்கொண்டு மாறி மாறிப் பயன்படுத்தலாம், இன்னொரு போன் தேவையில்லை. இரண்டு கணக்குக்கும் முகப்புப் படம் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும்படி இருக்கட்டும். பிள்ளையின் பிறந்தநாள் படம் தவறிப்போய் வேலைக் கணக்கில் ஏறுவது எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. சொந்தக் கணக்கில் போன் தொடர்புகளை ஏற்றும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிளவுஸ் விலை கேட்டதால் நீங்கள் நம்பரைச் சேமித்து வைத்த அந்நியருக்கெல்லாம் உங்கள் குடும்பக் கணக்கை இன்ஸ்டாகிராமே "இவரைத் தெரியுமா" என்று காட்டக்கூடும். தோழிகளைப் புதுக் கணக்குக்கு அழைப்பது சுலபம். பழைய கணக்கில் ஒரு ஸ்டோரி போட்டுப் புதுப் பெயரை டேக் செய்தால் போதும், வர வேண்டியவர்கள் வந்துவிடுவார்கள்.

இனி கிரியேட்டரா பிசினஸா. விலை, கட்டணம் என்று எந்த வித்தியாசமும் இல்லை, இரண்டுமே இலவசம். எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து, எந்த நேரத்தில் என்று காட்டும் இன்சைட்ஸ் இரண்டிலும் உண்டு. காசு கொடுத்துப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டன், தொடர்பு பட்டன் இரண்டிலும் உண்டு. அப்புறம் ஏன் இரண்டு வகை என்றால், நடைமுறையில் உங்களைத் தொடும் வித்தியாசம் பாட்டுதான்.

பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை கிடைக்காது. வணிகத்துக்கு அனுமதி உள்ள, உரிமைப் பிரச்சினை இல்லாத இசைத் தொகுப்பை மட்டும்தான் தருவார்கள். கிரியேட்டர் கணக்கில் பாட்டு நூலகம் பெரிதாக இருக்கும். ஆரி வேலை ரீல்ஸை யோசித்துப் பாருங்கள். ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணி, மேலிருந்து கேமரா, கொக்கி ஊசி கீழே போய் நூலை மேலே இழுத்துச் சங்கிலி சங்கிலியாகப் பின்கழுத்தில் ஒரு மயில் எழும்புகிறது. அந்த முப்பது நொடிக்குப் பின்னால் எல்லோர் வாயிலும் இருக்கும் பாட்டு ஒன்று ஓடினால் விரல் நிற்கும், அது உண்மை. பிசினஸுக்கு மாற்றியதும் ரீச் (பதிவு எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்பது) போய்விட்டது என்று பலர் புலம்புவதற்கும் இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கணக்கின் வகையை வைத்து ரீச்சைக் குறைப்பதில்லை என்றுதான் இன்ஸ்டாகிராம் சொல்கிறது. பாட்டு போனதால் ரீல்ஸின் இழுப்பு குறைகிறது. அதுவரை கண்ணில் படாத எண்ணிக்கைகள் இன்சைட்ஸில் தெரிய ஆரம்பிக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குக் கணக்கையே முடக்கிவிட்டது போல் தோன்றுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரியேட்டர் கணக்கில் பாட்டு கிடைக்கிறது என்பதற்காக அதை விற்பனைக்குப் பயன்படுத்த உரிமம் கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. அந்த நூலகம் வணிகமல்லாத, சொந்தப் பயன்பாட்டுக்கானது. "இந்தப் பிளவுஸ் 3,500 ரூபாய், ஆர்டருக்கு மெசேஜ் செய்யுங்கள்" என்று விலை எழுதிய ரீல்ஸில் சினிமாப் பாட்டைப் போட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் அதன் ஒலியை நிறுத்திவிடலாம். காப்புரிமை உள்ள பாட்டு இருக்கும் பதிவைக் காசு கொடுத்து பூஸ்ட் செய்யவும் விடமாட்டார்கள். ஆகவே விலை சொல்லும் வீடியோக்களில் உங்கள் குரலையே பயன்படுத்துங்கள். "இது கல்யாணப் பிளவுஸ், கைப்பகுதி மட்டும் முடிக்க ஆறு நாள் ஆனது, பின்கழுத்தில் சர்தோசி, உள்ளே லைனிங் வைத்திருக்கிறேன், குத்தாது" என்று நீங்களே சொல்லும்போது கேட்பவருக்கு வரும் நம்பிக்கையைப் பாட்டு தராது. கல்யாணப் பெண்ணின் அம்மா பாட்டுக்காக அட்வான்ஸ் போடுவதில்லை. "குத்தாது" என்று சொன்னதற்காகத்தான் போடுவார்.

உங்களுக்குக் கிரியேட்டரைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆரி வேலை செய்பவர்களில் பலர் சில மாதங்களில் வகுப்பு எடுக்கவும் ஆரம்பித்துவிடுகிறார்கள். பிளவுஸ் வருமானம் முகூர்த்த மாதங்களில் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும். அந்த இடைவெளியை நிரப்புவது வகுப்புதான். வகுப்புக்கு வருபவர் உங்களை, உங்கள் கையைப் பார்த்து வருகிறார். அதற்குக் கிரியேட்டர் கணக்கு பொருந்தும். இதுவே நீங்கள் ரெடிமேட் சேலையை மொத்தமாக வாங்கி விற்பவராகவோ, தெருவில் பலகை வைத்த தையல் கடைக்காரராகவோ இருந்தால் தயங்காமல் பிசினஸ் என்று சொல்லியிருப்பேன். முகவரியைக் காட்டி ஆளைக் கடைக்கு வரவழைப்பதுதான் அங்கே வேலை. உங்கள் கடை உங்கள் வீட்டின் முன்னறை. அந்த முகவரி ப்ரொஃபைலில் இருக்கவே கூடாது. ஊர்ப் பெயர் மட்டும் போதும். அட்வான்ஸ் போட்டவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் முகவரியை அனுப்புங்கள்.

மாற்றும் இடம்: செட்டிங்ஸுக்குள் 'அக்கவுன்ட் டைப் அண்ட் டூல்ஸ்'. இன்று கிரியேட்டர் என்று வைத்துவிட்டு நாளை பிசினஸுக்கு மாறலாம், திரும்பியும் வரலாம். ஆனால் ப்ரொஃபஷனலிலிருந்து பர்சனலுக்குத் திரும்பினால் அதுவரை சேர்ந்த இன்சைட்ஸ் தகவல் போய்விடும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூஸ்ட் பட்டனைப் பார்த்ததும் அழுத்தத் தோன்றும். முதல் 30 பதிவுகள் வரை அழுத்தாதீர்கள். எது தானாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அதற்கு மட்டும் செலவழியுங்கள், விளம்பரத் தொகைக்கு மேல் 18% ஜிஎஸ்டியும் உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு.

இன்ஸ்டாவில் பார்ப்பார்கள், விலை பேசி முடிப்பது வாட்ஸ்அப்பில்தான். அதனால் இதில்தான் நீங்கள் அதிகக் கவனம் வைக்க வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் 2018 முதல் இருக்கிறது, இலவசம், பச்சை ஐகானில் 'பி' என்று போட்டிருக்கும். ஒரே போனில் சாதா வாட்ஸ்அப்பும் இதுவும் சேர்ந்தே இருக்கலாம், ஆனால் ஒரு நம்பர் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இயங்கும். வாடிக்கையாளர் எப்படி வருவார் என்று உங்களுக்கே தெரியும். யாரோ ஒருவர் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை அனுப்பி "இதே மாதிரி வேணும், எவ்வளவு?" என்பார். அளவு பிளவுஸ் எப்படி அனுப்புவது, எத்தனை நாள், அட்வான்ஸ் எவ்வளவு என்று அடுத்த நான்கு கேள்விகளும் எல்லோருக்கும் ஒன்றுதான். நூல் கோத்த கையோடு ஒரு நாளைக்கு இருபது தடவை இதையே டைப் செய்ய முடியாது. குவிக் ரிப்ளையில் ஒரு முறை எழுதி வைத்துவிட்டு, சாய்கோடு ஒன்றைத் தட்டிப் பொறுக்கி அனுப்புங்கள்.

லேபிள் வசதி இதைவிட உபயோகம். 'அட்வான்ஸ் வந்தது', 'அளவு பிளவுஸ் வரணும்', 'ஸ்டாண்டில்', 'கூரியர் போட்டது' என்று நான்கு லேபிள் வைத்து ஒவ்வொரு சாட்டுக்கும் ஒட்டுங்கள். வைகாசி முகூர்த்தத்துக்குப் பதினைந்து ஆர்டர் ஒரே நேரத்தில் நிற்கும்போது, யாருடைய முகூர்த்தம் முந்தி என்று தேடி மெசேஜ்களைப் புரட்டத் தேவையில்லை. பொருட்களைப் படத்தோடு காட்டும் கேட்டலாக்கில் இதுவரை செய்ததில் நல்லதாக எட்டுப் பத்துப் படம் போடுங்கள். ஆரிக்கு ஒரே விலை கிடையாது என்பதால் "இதிலிருந்து ஆரம்பம்" என்று தொடக்க விலையை விவரத்தில் எழுதுங்கள். விலையே போடாமல் "இன்பாக்ஸ் வாங்க" என்று எழுதினால் பாதிப்பேர் கேட்காமலே போய்விடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தானாகப் பதில் போகும்படி அவே மெசேஜ் வையுங்கள். அந்த நேரத்தில் வரும் "ஹாய்"களுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

எல்லோரும் செய்யும் ஒரு தவறு, வாடிக்கையாளர்களையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ப்பது. குரூப்பில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். உங்களை நம்பி நம்பர் கொடுத்த ஒரு பெண்ணுக்கு அந்தக் குரூப்பிலிருந்தே யாரோ தொல்லை கொடுத்தால், அவர் உங்களைத்தான் கேட்பார், கேட்பதும் நியாயம். குரூப்புக்குப் பதிலாக பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனி மெசேஜாகத்தான் போகும். ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் டெலிவரி கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது டிசைன் அனுப்புறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஆள் பெருகியபின் வாட்ஸ்அப் சேனல் தொடங்கலாம். பின்தொடர்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, உங்கள் நம்பரும் அவர்களுக்குத் தெரியாது.

பேஸ்புக் பற்றிக் கேட்டீர்கள். கல்யாணப் பெண் இன்ஸ்டாவில் இருந்தால், காசு கொடுக்கும் அம்மாவும் அத்தையும் பேஸ்புக்கில் இருப்பார்கள். அதனால் பிற்பாடு தேவைப்படும். அப்போது கடைப் பெயரில் ஒரு 'ஆள்' போலக் கணக்குத் தொடங்கி ஃபிரண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். ஆள் கணக்கு ஆளுக்கு மட்டும்தான் என்பது பேஸ்புக் விதி, 5,000 நண்பர்களோடு அதன் கதவும் மூடிவிடும், புகார் வந்தால் முடக்கியும் விடுவார்கள். பேஜுக்கு அந்த வரம்பு இல்லை. யார் நடத்துகிறார் என்பதும் வெளியே தெரியாது. குரூப் என்பது வேறு. பத்துப் பேர் தங்களுக்குள் கேட்டுப் பேச வேண்டிய இடம் அது. வகுப்பில் படித்தவர்கள் சந்தேகம் கேட்க ஒரு பிரைவேட் குரூப் வைத்தால் நன்றாக ஓடும், விற்பனைக்கு ஆகாது.

யூடியூபில் வகுப்புப் பாடங்களைப் போட நினைத்தால் மட்டும் இப்போதே பிராண்ட் அக்கவுன்டாகத் தொடங்குங்கள். உங்கள் கூகுள் பாஸ்வேர்டைக் கொடுக்காமலே எடிட் செய்யும் தம்பிக்கு அனுமதி கொடுக்கலாம். விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் மட்டும் போடுபவர் என்றால் அந்த மணி நேரத்துக்குப் பதில் 90 நாளில் 1 கோடிப் பார்வைகள். அதை நம்பி இறங்க வேண்டாம், வகுப்புக்கு ஆள் சேர்க்கும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன், எக்ஸ் இரண்டும் உங்கள் தொழிலுக்கு இப்போது வேண்டாம்.

வகையைத் தேர்ந்தெடுப்பதைவிட நான் அதிகம் கவலைப்படுவது சாவி யார் கையில் என்பதைப் பற்றி. எங்கள் ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்த பையன் தன் சொந்த இமெயிலில் கடைக்கு இன்ஸ்டா கணக்கு, பேஸ்புக் பேஜ் இரண்டையும் திறந்து, இரண்டு வருஷம் நன்றாகவே நடத்தினான். சம்பளத் தகராறில் வேலையை விட்டுப் போனான். அவன் எதையும் அழிக்கவில்லை, பாஸ்வேர்டைக் கொடுக்கவுமில்லை. கடைக்காரர் பதினோராயிரம் பேர் இருந்த கணக்கைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் புதிதாகத்தான் தொடங்கினோம். உங்களுக்கும் யாராவது கொழுந்தனோ பக்கத்து வீட்டுப் பையனோ "நான் பண்ணித் தரேன் அண்ணி" என்று வருவார்கள். உதவியை வாங்கிக்கொள்ளுங்கள், இமெயில், பாஸ்வேர்ட், ஓடிபி வரும் நம்பர் மூன்றும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அது தரும் மாற்றுக் குறியீடுகளைப் பாஸ்வேர்டோடு ஒரு நோட்டில் பேனாவால் எழுதி பீரோவில் வையுங்கள். "உங்கள் கணக்கில் காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் மூடப்படும், இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று டிஎம் வந்தால் அது திருட்டு. ஆயிரம் ஃபாலோயர் தாண்டிய எல்லோருக்கும் வருகிறது, பயப்படாமல் பிளாக் செய்யுங்கள். நீல டிக் வாங்கித் தருகிறேன் என்பவர்களுக்கும் அதே மரியாதைதான்.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது நினைவிருக்கும். லட்சக்கணக்கான ஃபாலோயர் வைத்திருந்தவர்களுக்கும் அவர்களை அழைத்துச்செல்ல வழியில்லாமல் போனது. வாடிக்கையாளர் நம்பரைத் தனியாகக் குறித்து வைத்திருந்தவர்களுக்கு மட்டும் தொழில் நிற்கவில்லை. ஆர்டர் கொடுத்தவரின் பெயர், நம்பர், பிளவுஸ் அளவு, முகூர்த்தத் தேதி நான்கையும் அதே பீரோ நோட்டில் எழுதி வாருங்கள். எந்த ஆப் போனாலும் அது உங்களிடம் இருக்கும். அடுத்த வருஷம் வளைகாப்புக்கு அதே பெண்ணுக்கு நீங்களே மெசேஜ் செய்யலாம்.

கடைசியாக வீட்டுக்காரர் நம்பர். வேண்டாம். அவரை நம்பாததால் சொல்லவில்லை. அவர் வேலைக்குப் போன நேரத்தில் வரும் ஓடிபிக்கும் ஆர்டருக்கும் நீங்கள் காத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அவர் போன் தொலைந்தால் உங்கள் தொழிலும் அதோடு போகும். உங்கள் சொந்த நம்பரும் வேண்டாம், அதில் பள்ளிக்கூட குரூப்பும் மாமியார் வீட்டு குரூப்பும் இருக்கின்றன. உங்கள் ஆதாரில் உங்கள் பெயரில் ஒரு புது சிம் வாங்கிப் போனின் இரண்டாவது சிம் இடத்தில் போடுங்கள். ரீசார்ஜை மட்டும் விட்டுவிடாதீர்கள். பயன்படுத்தாமல் விட்ட எண்ணை நிறுவனம் முடக்கி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும், வாட்ஸ்அப் அந்த எண்ணோடு கட்டப்பட்டது. சிம் கைக்கு வந்த பிறகு இமெயில், அப்புறம் இன்ஸ்டா, அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ் என்ற வரிசையில் திறந்துகொள்ளுங்கள். இமெயிலுக்கும் வாட்ஸ்அப் பிசினஸுக்கும் அந்த நம்பர் வேண்டும், இன்ஸ்டாவுக்கு அந்த இமெயில். திறக்கும்போது எங்காவது நின்றுவிட்டால் எந்த இடம் என்று எழுதுங்கள், அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.